கெவினா நின்ற இடங்கள்

ஞெண்டோ கடைத்தெருவில் மக்சென்சியாவின் கோமெசிக் கடைக்கு ஈடாக இன்னொரு கடை கிடையாது என்று அந்த நாட்களில் மசாக்கா வட்டாரம் முழுக்கப் பேச்சு. கல்யாணமோ சாவோ, எங்கள் பெண்கள் உடுத்துகிற கால்வரை நீண்ட, இடுப்பில் கச்சை கட்டிய உடைதான் கோமெசி. தோள் கூராக எழும்பி நிற்கிற நல்ல கோமெசி வேண்டுமென்றால் லியாந்தொண்டேயிலிருந்துகூடப் பெண்கள் வண்டியேறி வருவார்கள். கடையை அப்படி ஆக்கியவள் மக்சென்சியா இல்லை. அவளுடைய தம்பி பெண்டாட்டி கெவினா. இதைச் சொல்ல என்னைவிட்டால் ஆள் இல்லை. பதினாறு வருடம் அந்தக் கடைக்குள் ஓரமாகத் தையல் மிஷின் போட்டு உட்கார்ந்திருந்தவள் நான். என் முழுப்பெயர் லெயோகாடியா. லேயோ என்றால்தான் தெருவில் தெரியும்.

கெவினா வருவதற்கு முன்னால் அது கடையே இல்லை, கூண்டு. சிப்பாய்கள் புகுந்து அள்ளிக்கொண்டு போன காலத்தில் போட்ட கம்பிவலை, சண்டை முடிந்த பிறகும் அப்படியே இருந்தது. வலைக்கு அந்தப்பக்கம் மக்சென்சியா. இந்தப்பக்கம் நிற்கிறவள் விரலை நீட்டி, "அந்த நீலம்... அதுக்குப் பக்கத்துல..." என்று தடுமாற வேண்டும். மக்சென்சியா எழுந்திருக்க மாட்டாள். "எவ்வளவு வெச்சிருக்கே? மொதல்ல அதச் சொல்லு" என்பாள். காரில் வருகிறவர்களுக்கு மட்டும் எங்கள் பெண்களின் வழக்கப்படி மண்டியிட்டு வணக்கம் சொல்வாள்.

கெவினா புக்காக்காட்டா ஏரிக்கரைக்காரி. அம்மாவோடு சேர்ந்து புகைபோட்ட மீன் விற்றவள். எல்லைக்கு லாரி ஓட்டிய மக்சென்சியாவின் தம்பி லவ்ரென்சியோ, போகும்போதும் வரும்போதும் அவளிடம் மீன் வாங்கி வாங்கி, கடைசியில் அவளையே கட்டிக்கொண்டு வந்துவிட்டான். உயரமானவள். அகன்ற இடுப்பு. சிரித்தால் எதிர்க்கடையில் கேட்கும். வந்த மறுநாளே மக்சென்சியா அவளைக் கடைக்கு இழுத்துவிட்டாள்.

"மூணு தடவ சோப்புப் போட்டுக் குளிச்சிட்டு வா. மீன் நாத்தம் போனப்புறம் துணியத் தொடு."

"சரி அண்ணி" என்று கெவினா நிஜமாகவே மூன்று தடவை குளித்துவிட்டு வந்தாள்.

ஒரு வாரம் எதுவும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். எட்டாம் நாள் கேட்டாள்.

"அண்ணி, அந்தக் கண்ணாடிய ஏன் வாசலுக்கு நேரா மாட்டியிருக்கீங்க?"

"வர்றவ தன்னைப் பாத்துக்கட்டும்னுதான்."

"செம்மண் புழுதியிலயும் வேர்வையிலயும் வர்றாங்க. நுழைஞ்சதும் தன் மூஞ்சியப் பாத்தா, 'இந்த மூஞ்சிக்கு இதெல்லாம் எதுக்கு'ன்னு திரும்பிடுவாங்க. மொதல்ல தண்ணி குடிக்கட்டும். மூஞ்சியத் துடைக்கட்டும். துணியத் தோள்ல போடட்டும். அப்புறமா பாக்கட்டும்."

மக்சென்சியா என்னைப் பார்த்து, "கேட்டியா லேயோ, மீன்காரி எனக்குக் கடை நடத்தச் சொல்லித் தர்றா" என்றாள். மறுநாள் கண்ணாடி என் மிஷின் பக்கம், ஜன்னல் வெளிச்சம் விழுகிற இடத்துக்கு வந்துவிட்டது. தனக்குத் தோன்றியதாகப் பக்கத்துக் கடைக்காரியிடம் சொன்னாள்.

பிறகு கம்பிவலை போனது. ஆண்களுக்கு ஒரு பெஞ்சு வந்தது. அது தெருவைப் பார்த்துப் போட்ட பெஞ்சு. "புருஷன் கண்ணாடியப் பாத்து உக்காந்தான்னா அவசரப்படுத்துவான். டாக்சியப் பாத்து உக்காரட்டும், நேரம் போறது தெரியாது" என்றாள் கெவினா. விலை குறைந்த துணிகளை எல்லாக் கடையிலும் கீழ்த்தட்டில்தான் அடுக்குவார்கள். அவற்றை எடுத்து இடுப்பளவில் வைத்தாள். "காசில்லாதவ நாலு பேர் முன்னாடி குனிஞ்சு தேடக்கூடாது அண்ணி. ஒரு தடவ குனிஞ்சவ மறுபடி வரமாட்டா." எவ்வளவு வைத்திருக்கிறாய் என்று யாரையும் கேட்கமாட்டாள். "விசேஷத்துல உங்க பக்கத்துல யாரும்மா உக்காருவாங்க?" என்று கேட்பாள். மாமியாரா, சக்களத்தியா, புருஷனுடைய அக்காவா என்று தெரிந்துகொண்டு அதற்கேற்ற நிறத்தை எடுப்பாள். சாவுக்கு எடுக்க வந்தவள் முகத்தைப் பார்த்ததுமே சிவப்பை மடித்து உள்ளே வைத்துவிடுவாள். சிரிப்பும் நின்றுவிடும். ஒரே ஒரு பொத்தான் வாங்க வந்தவளுக்கும் மண்டியிட்டுத்தான் வணக்கம் சொல்வாள். இடுப்புக்கச்சையைத் தானே கட்டிவிடுவாள். எங்கே இறுக்க வேண்டும், எங்கே தளர்த்த வேண்டும் என்று அந்த விரல்களுக்குத் தெரியும். கட்டி முடித்ததும் கூனிக்கொண்டு வந்தவள்கூட நிமிர்ந்து நிற்பாள்.

இரண்டே வருடத்தில் தெருவில் எங்கள் கடைதான் கடை. மக்சென்சியா பக்கத்து அறையையும் வாங்கிச் சுவரை இடித்தாள். கெவினாவுக்கு இரண்டு குழந்தைகள் பிறந்தன, இரண்டும் தவழ்வதற்குள் போய்விட்டன. "வயித்துல கூட சரக்கு தங்கல" என்று மக்சென்சியா வாடிக்கைக்காரிகள் முன்னால் சொல்வாள். கெவினா துணியை மடித்துக்கொண்டே இருப்பாள்.

மூன்றாம் வருடம் லவ்ரென்சியோ படுத்தான். எங்கள் பக்கத்தில் சிலிமு என்று சொல்கிற அந்த மெலிவு நோய்தான். லாரிக்காரர்கள், அவர்கள் மனைவிமார், டீக்கடைப் பெண்கள் என்று வாரத்துக்கு இரண்டு பேர் போய்க்கொண்டிருந்த காலம். கொழுத்த மனிதன், கடைசியில் போர்வைக்குக் கீழே ஆள் இருப்பதே தெரியாமல் கிடந்து செத்தான். குழிக்குப் பக்கத்தில் பாதிரியார் நின்றுகொண்டிருக்கும்போதே மக்சென்சியா கத்தினாள்:

"என் தம்பிய முழுசா முழுங்கிட்டு நிக்கிறா பாருங்க! எத்தன பேர்கிட்ட மீன் வித்தாளோ!"

லாரி எங்கெங்கே நின்றது என்று அங்கே வந்திருந்த எல்லோருக்கும் தெரியும். யாரும் வாய் திறக்கவில்லை. நானும்தான்.

துக்கம் முடிந்த வாரமே கெவினாவை மறுபடி கடைக்குக் கூப்பிட்டாள். பாசமில்லை. "வர்றவளுங்க எல்லாம் உன்னைத்தான் கேக்குறாளுங்க. வந்து நில்லு. சோறு போடுறேன்."

கெவினா வந்து நின்றாள்.

அவளுடைய இடுப்பளவு என் நோட்டில் இருந்தது. கல்யாணத்துக்கு நான்தான் தைத்தேன், முப்பத்தெட்டு. லவ்ரென்சியோ செத்த வருடம் முப்பத்து நான்கு. அடுத்த ஈஸ்டருக்கு முப்பது. டேப்பைச் சுற்றிப் பிடித்தபடி நான் எண்ணைச் சொல்லாமல் இருந்தேன். அவளே கேட்டாள்.

"எவ்வளவு லேயோ?"

"முப்பத்து மூணு."

"பொய் சொல்றதுன்னா ரெண்டு கூட்டிச் சொல்லு, மூணு கூட்டாதே" என்று சிரித்தாள்.

கடையில் நிற்பவள் மெலிந்தால் ஜனங்கள் துணியைத் தொடமாட்டார்கள். மக்சென்சியாவுக்கு அது என்னைவிட முன்னமே தெரிந்திருந்தது. ஒருநாள் என் மிஷின் பக்கம் குனிந்து சொன்னாள்: "உள்துணி மூணு கட்டச் சொல்லு. இடுப்புல பஞ்சு வெச்சுத் தை. தோள நல்லா அகலமா, உசரமா எடுத்து வை. குண்டாத் தெரியணும். பஞ்சுக்குச் செலவு பாக்காத."

நான் தைத்தேன். ஊதா நிறக் கோமெசி. தோள் ஒரு சாண் உயரத்துக்கு எழும்பி நின்றது. அதற்கு நடுவில் அவள் கழுத்து எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்று யார் கண்ணிலும் படவில்லை. கண்ணில் பட்டது தோள்தான். "இது என்ன புதுத் தோள்? கம்பாலா மோஸ்தரா? எனக்கும் இப்படியே வேணும்" என்று ஒரு கல்யாண வீட்டுக்காரி ஆரம்பித்தாள். அந்த வருடம் முழுக்க நான் அந்தத் தோளைத்தான் தைத்தேன். "கெவினா தோள்" என்றே பெயர் விழுந்துவிட்டது.

அடுத்து அவள் கையில் தடிப்புகள் வந்தன, நிற்க முடியாமல் கால் நடுங்கியது. மக்சென்சியா தச்சனை அழைத்து நெஞ்சளவு உயரத்தில் ஒரு மேடை அடிக்கச் சொன்னாள். முன்பக்கம் கண்ணாடி பதித்து, அதற்குள் மின்னும் கச்சைகளை விரித்து வைத்தாள். பின்னால் ஒரு முக்காலி. கெவினா அதில் உட்கார்ந்திருந்தால் நிற்பது போலத்தான் தெரியும். வந்தவர்கள் எல்லோரும் அந்தக் கண்ணாடி மேடையைத் தடவிப் பார்த்தார்கள். இரண்டு மாதத்தில் தெருவில் மூன்று கடைகளில் அதேபோல மேடை வந்துவிட்டது.

கெவினா மண்டியிட முடியாமல் போனது அப்போதுதான். அவளுக்கு அதுதான் வருத்தம். "உக்காந்துக்கிட்டு வணக்கம் சொல்றேன் லேயோ. எங்கம்மா பாத்தா மீனாலயே அடிப்பா" என்றாள்.

அப்போதும் விற்பனை குறையவில்லை. புரிஸ்கா வருகிற வரைக்கும்.

புரிஸ்கா காப்பித் தோட்டக்காரர் மனைவி. மகளுக்கு மாப்பிள்ளை வீட்டார் அறிமுகச் சடங்குக்கு வருகிறார்கள், அத்தைமார் சித்திமார் எல்லோருக்கும் ஒரே நிறத்தில் பன்னிரண்டு கோமெசி வேண்டும் என்று காரில் வந்து இறங்கினாள். கெவினா ஒரு பச்சைத் துணியை மேடை மேல் விரித்தாள். விரிக்கும்போது கையை மூடியிருந்த நீளக்கை மேலே ஏறி, தடிப்புகள் வெளியே தெரிந்துவிட்டன.

புரிஸ்கா துணியிலிருந்து விரலை எடுத்தாள். கைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தாள். பிறகு மக்சென்சியாவைப் பார்த்து, கெவினா அங்கே இல்லாதது போலச் சொன்னாள்:

"வேற துணி காட்டு. இவ தொடாதது."

கடையில் அப்போது ஐந்தாறு பேர் இருந்தார்கள். ஒருத்தி தன் குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். மக்சென்சியாவின் முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை. தேன் வழிகிற மாதிரிச் சிரித்தாள்.

"உங்க கண்ணுக்கு எதுவும் தப்பாதும்மா. அது பழைய சரக்குதான். லேயோ, நீ வந்து காட்டு."

நான் எழுந்தேன். எதை எடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை. நான் தைக்கிறவள், விற்கிறவள் இல்லை. தட்டைப் பார்த்து முழித்துக்கொண்டு நின்றபோது கெவினாவின் குரல் வந்தது. அதில் கோபமில்லை, நடுக்கமில்லை. கடைக்குரல்தான்.

"அம்மா சொல்றது சரி. பச்சை வேண்டாம். உங்க வீட்டு முற்றத்துல வாழைதானே சுத்தி? பச்சைக்குப் பின்னாடி பச்சை நின்னா அத்தைமாருங்க தெரியவே மாட்டாங்க. லேயோ, மேல்தட்டுல வலதுகோடில செம்பு நிறம் இருக்கு. அத எடு. அத நான் தொடல."

புரிஸ்கா செம்பு நிறத்தில் பன்னிரண்டும் எடுத்தாள். போகும்போது என் கையைப் பிடித்து, "உனக்கு நல்ல ரசனை" என்றாள்.

அன்று மாலையே கெவினாவின் இடம் மாறியது. பின்பக்கம் சரக்கு அறை. ஜன்னல் கிடையாது, தகரக் கூரை. சுவரில் முழ நீளத்துக்கு ஒரு துவாரம் இடித்து, அதன் மேல் பூப்போட்ட திரை தொங்கவிட்டாள் மக்சென்சியா. திரைக்கு இந்தப்பக்கம் நான் நிற்க வேண்டும். அந்தப்பக்கமிருந்து கெவினா வருகிறவர்களைப் பார்த்துச் சொல்லுவாள், கிசுகிசுவென்று.

"இவ மூத்தாளோட விசேஷத்துக்குப் போறா. அடக்கமா இருக்கிற மாதிரி, ஆனா விலை கூடினது. அந்தச் சாம்பல் பட்டு."

"இந்தம்மா சாவுக்குத்தான் வந்திருக்கா. யாருன்னு கேக்காதே. தண்ணி குடு. உக்காரச் சொல்லு."

நான் அப்படியே செய்தேன். என் பெயர் பரவியது. "லேயோ மனசுக்குள்ள பூந்து பாத்துடுவா" என்றார்கள். ஒருத்தி சந்தோஷத்தில் எனக்குக் கோழி ஒன்று கொண்டுவந்து கொடுத்தாள். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. வீட்டுக்குக் கொண்டுபோய் நிலக்கடலைக் குழம்பில் போட்டு நானும் என் புருஷனும் சாப்பிட்டோம். மறுநாள் கெவினா, "கோழி நல்லா இருந்துச்சா?" என்று திரைக்குப் பின்னால் இருந்து கேட்டாள். "கொஞ்சம் முத்தல்" என்றேன்.

கம்பாலாவிலிருந்து பெண் வியாபாரிகள் சங்கத்துக்காரர்கள் வருவதாகச் செய்தி வந்தது அந்த மழைக்காலம் முடிந்த பிறகு. ஒவ்வொரு ஊரிலும் நல்ல கடை ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அந்தக் கடைக்காரியை மற்றவர்களுக்குப் பாடம் சொல்லவைக்கிறார்களாம். மக்சென்சியா சுவருக்குப் புதுச் சுண்ணாம்பு அடித்தாள். எனக்கும் தனக்கும் புதுக் கோமெசி. கெவினாவுக்கு அந்த மாதம் வயிற்றுப்போக்கு நிற்கவேயில்லை. ஒரு மணிக்கு ஒரு தரம் கொல்லைப்பக்கம் போய்வர வேண்டியிருந்தது. கொல்லைக்குப் போகக் கடைக்குள் வந்துதான் போக வேண்டும்.

"அவங்க இருக்கிறப்ப நீ வெளிய வரக்கூடாது" என்றாள் மக்சென்சியா.

"வரமாட்டேன் அண்ணி."

"வருவே. உன்னால அடக்க முடியாது. இருமலும் வரும்." காலை பதினொரு மணிக்குச் சரக்கு அறையைப் பூட்டிச் சாவியை இடுப்புக்கச்சையில் செருகிக்கொண்டாள். துவாரத்தின் மேல் திரைக்குப் பதிலாக ஒரு பலகையை அறைந்திருந்தாள். "ஒரு மணி நேரம்தான்" என்றாள்.

வந்தவர்கள் ஏழு பேர். தெருக்கடைக்காரிகள் முப்பது பேர் கூடிவிட்டார்கள். பெஞ்சில், தரையில், வாசலில். மக்சென்சியா கண்ணாடி மேடைக்குப் பின்னால் நின்று பேசினாள். நன்றாகப் பேசினாள் என்றுதான் சொல்ல வேண்டும்.

"காசில்லாதவ நாலு பேர் முன்னாடி குனியக்கூடாது. ஒரு தடவ குனிஞ்சவ மறுபடி வரமாட்டா. கடையில எதை எங்க வைக்கிறதுன்னு யோசிக்கிறப்ப, வர்றவளோட மானத்தை எங்க வைக்கிறதுன்னு மொதல்ல யோசிங்க."

எல்லோரும் கைதட்டினார்கள். ஒருத்தி நோட்டில் எழுதிக்கொண்டாள். பேச்சு முடிந்ததும் டீயும் எண்ணெயில் பொரித்த மந்தாசியும். அதற்குப் பிறகு கேள்விகள். ஒரு மணி நேரம் மூன்று மணி நேரமானது. வெயில் தகரத்தை அடித்துக்கொண்டிருந்தது.

கெவினா முதலில் மெதுவாகத்தான் தட்டினாள். நகத்தால் தட்டுவது போல. பிறகு விரல் முட்டியால். பிறகு உள்ளங்கையால்.

"அது என்ன சத்தம்?" என்று கம்பாலாக்காரி ஒருத்தி கேட்டாள்.

"எலிம்மா" என்றாள் மக்சென்சியா. "துணி இருக்கிற இடத்துல எலி வராம இருக்குமா? லேயோ, நீ அந்த அவசர வேலைய முடி."

அவசர வேலை எதுவும் இல்லை. மக்சென்சியா என்னைப் பார்த்தாள். நான் மிஷினில் உட்கார்ந்து மிதிக்க ஆரம்பித்தேன். ஊசியில் நூல்கூட இல்லை. ஒரு வெட்டுத்துணியைக் கீழே கொடுத்து வெறுமனே ஓட்டினேன். உள்ளே தட்டல் வேகமானபோது நானும் வேகமாக மிதித்தேன். என் பெயரை அவள் கூப்பிட்டதாக ஒரு தரம் தோன்றியது. அதற்கும் வேகமாக மிதித்தேன். கொஞ்ச நேரத்தில் தட்டல் நின்றது. நான் நிறுத்தவில்லை.

இரண்டரைக்கு அவர்கள் வண்டி ஏறினார்கள். மக்சென்சியா சாவியை என் மேல் வீசினாள். "நீ போய்த் திற. எனக்குக் குமட்டும்."

திறந்தேன். வெப்பமும் நாற்றமும் ஒன்றாக முகத்தில் அடித்தன. கெவினா கதவுக்குப் பக்கத்திலேயே, கோமெசியோடு அசிங்கத்தில் உட்கார்ந்திருந்தாள். கீழ்த்தட்டில் இருந்த துணிக்கட்டுகள் எல்லாம் மேல்தட்டுக்கு ஏறியிருந்தன. எழுந்து நிற்கவே முடியாதவள் அவற்றை எப்படித் தூக்கினாள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

மக்சென்சியா மூக்கைப் பொத்திக்கொண்டு என் தோளுக்கு மேலாக எட்டிப்பார்த்தாள்.

"துணி?"

"துணிக்கு ஒண்ணும் ஆகல அண்ணி" என்றாள் கெவினா. உதடு வெடித்திருந்தது. "எல்லாத்தையும் மேல ஏத்திட்டேன்."

"நல்லதாப் போச்சு" என்றுவிட்டு மக்சென்சியா போய்விட்டாள்.

நான் கெவினாவைக் கொல்லைப்பக்கம் தூக்கிக்கொண்டு போய்க் கழுவிவிட்டேன். தண்ணீர் ஊற்றும்போது, "முதுகுல இன்னொரு சொம்பு ஊத்து" என்று மட்டும் கேட்டாள்.

அந்த வாரமே புக்காக்காட்டாவுக்குப் போகும் மீன் லாரிக்குச் சொல்லியனுப்பினாள் மக்சென்சியா. அங்கே கெவினாவின் அண்ணன் இருந்தான். புறப்படுகிற காலையில் கெவினா அந்த ஊதாக் கோமெசியைக் கட்டிக்கொண்டு வந்தாள். துவைத்து, வெயிலில் உலர்த்தி, பஞ்சையெல்லாம் தட்டிச் சரிசெய்திருந்தாள்.

"அத அவுத்து வை" என்றாள் மக்சென்சியா.

"அண்ணி?"

"அது கடையில காட்டுற மாதிரித் துணி. இன்னும் ஆர்டர் வந்துட்டிருக்கு. அத எடுத்துட்டுப் போயிட்டா நான் எத வெச்சுக் காட்டுவேன்? ஏரிக்கரையில தோள் எதுக்கு உனக்கு?"

கெவினா என்னைப் பார்த்தாள். நான் நூலைக் கோத்துக்கொண்டிருந்தேன். உள்ளே போய் அவிழ்த்து, நான்காக மடித்துக் கொண்டுவந்து மேடை மேல் வைத்தாள். மடிப்பு அளவெடுத்தது போல இருந்தது. ஒரு பழைய பருத்தித் துணியைச் சுற்றிக்கொண்டு ஆண்கள் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள்.

"அங்க உக்காராதே. வாடிக்கைக்காரங்க உக்கார்ற இடம்."

எழுந்து வாசலுக்கு வெளியே போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்போது தலையில் மரவள்ளிக் கூடையோடு ஒரு கிராமத்துப் பெண் வந்தாள். கடைக்குள் போகலாமா வேண்டாமா என்று தயங்குகிற பெண். கெவினா அவளைப் பார்த்ததும் சுவரை விட்டுவிட்டு, இரண்டு முழங்காலும் மண்ணில் பட மண்டியிட்டு வணக்கம் சொன்னாள். "உள்ள வாங்கம்மா. பாக்கிறதுக்குக் காசு வேண்டாம்."

அந்தப் பெண் பதில் வணக்கம் சொல்லி உள்ளே போனாள். கெவினாவால் எழுந்திருக்க முடியவில்லை. கைகளை ஊன்றிப் பார்த்தாள். மறுபடி ஊன்றினாள்.

"வழிய மறைக்காதே!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

நான் போய்த் தூக்கினேன். ஒரு துணிக்கட்டின் கனம்கூட இல்லை. லாரி வந்ததும் மீன் கூடைகளுக்கு நடுவில் ஏற்றி உட்காரவைத்தேன். டிரைவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "பக்கத்துல உக்காரவைக்காத, பின்னாலயே இருக்கட்டும்" என்றான்.

ஊதாக் கோமெசியை மக்சென்சியா கொதிக்கும் நீரில் போட்டெடுத்து, மரப்பொம்மைக்கு மாட்டி வாசலில் நிறுத்தினாள். வருகிறவர்கள் எல்லோரும் அந்தத் தோளைத் தடவிப் பார்த்தார்கள். ஆசைப்பட்டவர்களுக்கு மாட்டியும் விட்டாள். புரிஸ்காகூட ஒரு நாள் வந்து அதைப் போட்டுக் கண்ணாடியில் பார்த்தாள்.

மூன்று வாரம் கழித்துத் திங்கட்கிழமை சேதி வந்தது. சந்தை நாள். மக்சென்சியா சிலுவை போட்டுக்கொண்டாள். "சந்தை நாள்ல கடைய மூடினா வர்றவ அடுத்த கடையப் பழகிடுவா" என்றாள். எனக்கும் விடுப்பு தரவில்லை. நானும் அழுத்திக் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை போனேன். ஏரிக்கரையில் புதுமேடு ஒன்று, மேலே காய்ந்த வாழையிலை. கெவினாவின் அண்ணன் பெண்டாட்டி என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

"நீதானே லேயோ? உன்னைப் பத்தித்தான் பேசிட்டே இருப்பா. கடைசியா அந்த ரூம்ல போட்டுப் பூட்டினாங்களாமே, சண்டாளப் பொம்பள. உன் மிஷின் சத்தம் கேட்டுட்டே இருந்துச்சாம். லேயோ பக்கத்துலதான் இருக்கா, நம்மள விட்டுட்டுப் போகலன்னு அத வெச்சே தைரியமா இருந்தேன்னு சொன்னா. நீ நல்லா இருக்கணும்மா."

அவள் வாழையிலையில் மீனும், வாழைக்காயை வேகவைத்து மசித்த மத்தோக்கேயும் வைத்தாள். எனக்குப் பசி. சாப்பிட்டேன். கிளம்பும்போது பையில் நான்கு புகைமீன் போட்டுக் கொடுத்தார்கள். அதையும் வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் கடையில் மக்சென்சியா கேட்டாள்: "அங்க என்னைப் பத்தி ஏதாவது கேட்டாங்களா?"

"இல்ல."

"நல்லது. பொம்மையோட எடது தோள் தொங்குது பாரு. அத எடுத்துச் சரிபண்ணு. பத்து மணிக்கு ஆள் வருது."

நான் ஊதாத் துணியை மடியில் போட்டு, தையலைப் பிரித்து, பழைய பஞ்சை எடுத்துவிட்டுப் புதுசு அடைத்தேன். பத்து மணிக்குள் முடித்துவிட்டேன்.